பெரிய சைஸ் உடுப்பு மொத்தமா எடுக்கேக்க என்ன பாக்கவேணும்?

கேள்வி: யாழ்ப்பாணம் திருநெல்வேலியில பெரிய சைஸ் பெண்கள் உடுப்புக்கடை திறக்கிறன். கொழும்பு புறக்கோட்டையில மொத்தமா எடுக்கேக்க 3எக்ஸ்எல், 4எக்ஸ்எல் லேபிளை நம்பலாமோ?

பதில் 1: நம்பாதேங்கோ தங்கச்சி, அளவுநாடாவோட போங்கோ. உடுப்பை விரிச்சு அக்குளுக்குக் கீழ அளந்து இரண்டால பெருக்குங்கோ. 48 அங்குல மார்புக்கு, இழுபடாத துணியெண்டால் உடுப்பு குறைஞ்சது 52 அங்குலம் வேணும். மேற்கையையும் கட்டாயம் அளவுங்கோ. சின்னச் சைஸை அப்பிடியே பெருப்பிச்சு வெட்டினால் தோள் சரியும், கழுத்து அகலும், கை மட்டும் இறுக்கும்.

பதில் 2: அக்கா சொன்னதோட, பக்கத் தையலுக்குள்ள ஒரு அங்குலம் துணி விட்டிருக்கோ எண்டும் பாருங்கோ, பிரிச்சுத் தைக்கலாம். ரேயோன் தோய்ச்சால் சுருங்கும். ஒண்டை வாங்கித் தோய்ச்சு அளந்துபோட்டு மிச்சத்தை எடுங்கோ.

பதில் 3: கறுப்பையும் கடும்நீலத்தையும் மட்டும் அடுக்காதேங்கோ. நல்லூர்த் திருவிழாவுக்கு மஞ்சளும் சிவப்பும் பெரிய சைஸ் பெண்களுக்கும் வேணும்.