பொம்மைகளோடு ஓபரா: பழைய தொடர் யாரிடமாவது உண்டா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும்.

தக்கலையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். கோடை விடுமுறையில் அவர்களுக்கு ஓபரா, அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேல்நாட்டு இசை நாடகம், காட்டலாம் என்று ஓர் ஆசை. ஆஸ்திரேலியப் பாடகி ஜோன் சதர்லேண்ட் 1970களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்காக ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்தார்: 'ஹூஸ் அஃப்ரைட் ஆஃப் ஓபரா'. ஆடுகளும் சிங்கமுமாகப் பொம்மைகள் உட்கார்ந்து கேள்வி கேட்கும். அவர் கதையைச் சொல்லி, நடித்துப் பாடுவார். நம்மூர் தோல்பாவைக்கூத்தில் கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் செய்கிற வேலைதான், வேறென்ன!

டிவிடியாகவோ முறையாகப் பார்க்கும் வழியாகவோ யாருக்காவது தெரியுமா? யூடியூபில் எனக்குக் கிடைத்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான்.

அப்புறம், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஓடாது. தொடரில் வரும் ஓபராக்களில், படைவீரர்கள் வளர்த்த பெண்ணின் கதையைத் தமிழில் சொல்லிவிடுவேன். 'ரிகோலெட்டோ'வில்தான் முழிக்கிறேன். அப்பன் ஏவிய கொலைகாரன் கையில் மகளே சாகிறாள். இதை எப்படிச் சொல்ல? பேசாமல் 'செவில் நகர நாவிதன்' மட்டும் போதுமா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் புரொஜெக்டர் இரவல் தருபவர்களும் சொல்லுங்கள்.