கைப்பைச் சோதனை: ஒரே பொருள் ஓரிடத்தில் போகிறது, இன்னோரிடத்தில் நிற்கிறது (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

பொன்மலை

திருச்சி விமான நிலையத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்ட டப்பா சிங்கப்பூரில் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. சென்னையில் வெளியே எடுக்கச் சொன்ன லேப்டாப்பை லண்டன் ஹீத்ரோவின் புது வரிசையில் எடுத்தால், "உள்ளேயே இருக்கட்டும்" என்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குக் காரணம் ஒன்றல்ல. அதனால் முதலில் பிரித்துப் பார்ப்போம்.

பையை ஓரமாகத் தள்ளுவது மூன்று விதமாக நடக்கும். பொருள் தடைப் பட்டியலில் இருக்கலாம். பட்டியலில் இல்லாவிட்டாலும் ஸ்கேனர் படத்தில் அது இன்னதென்று தெரியாமல் போகலாம். இரண்டும் இல்லாமல், இடையிடையே எடுத்துப் பார்க்கும் பைகளில் ஒன்றாக உங்கள் பை சிக்கியிருக்கலாம். முதலாவதில் வாதாடிப் பயனில்லை. இரண்டாவதில் திறந்து காட்டினால் முடிந்தது. மூன்றாவதில் காத்திருக்க வேண்டியதுதான்.

பலர் இரண்டாவதை முதலாவது என்று நினைத்து, கேட்காமலே பொருளைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. "இது தடையா, இல்லை திறந்து பார்த்தால் போதுமா?" என்று அமைதியாகக் கேளுங்கள்.

எழுதுகிறவர்கள் ஊர், முனையம், பொருள், அளவு, என்ன சொல்லி நிறுத்துகிறார்கள் என்ற ஐந்தையும் எழுதுங்கள். "அவர்கள் மோசம்" என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது.

தாமிரபரணி

இரண்டாவது வகையைப் பற்றி. ஸ்கேனர் படத்தில் உணவு, துணி, காகிதம், பிளாஸ்டிக் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீலம். இடைப்பட்டவை பச்சை. பிளாஸ்டிக் வகை வெடிபொருளும் ஆரஞ்சுதான். ஆகவே கனமான, சீரான, கட்டியான ஆரஞ்சுப் பாளம் தெரிந்தால் பை நின்றே தீரும். நம் ஊர் இனிப்பு அப்படியே அந்த உருவம்: ஒரு கிலோ அல்வா, மைசூர்பாகு, எள்ளுருண்டைப் பெட்டி. அதன் மேல் சார்ஜரும் வயரும் சுருட்டி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாளத்தின் மேல் வயர் கிடக்கும் படத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: இனிப்பை அரைக் கிலோவாகப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். மூடி திறக்கக்கூடிய, உள்ளே தெரியும் டப்பா நல்லது. கடையில் செலோடேப் சுற்றிக் கட்டிய அட்டைப்பெட்டியை அங்கே கிழிக்க வேண்டிவரும். வயர்கள் எல்லாம் தனி உறையில், பையின் மறுமுனையில் இருக்கட்டும்.

அல்வாவில் இன்னொரு சிக்கல். அது திடமா, கூழா? மைசூர்பாகு திடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. திருநெல்வேலி அல்வாவை அழுத்தினால் நெய் கசியும், விரல் புதையும். பன்னாட்டுப் பயணத்தில் "பூசக்கூடியது, வழியக்கூடியது" எல்லாம் திரவக் கணக்கு, அதாவது 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டி கைப்பையில் போகாது என்ற விதிக்குள் வரும். அதனால் அல்வாவின் தலையெழுத்து அந்த வரிசையில் நிற்கும் அலுவலர் கையில். நெய், தேன், ஊறுகாய், சட்னி ஆகியவற்றில் இந்தச் சந்தேகமே இல்லை, அவை திரவம்தான். உறைந்த நெய்யும் தேங்காய் எண்ணெயும் காலையில் கட்டியாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியை ஒட்டி உருகிவிடும். இவை எல்லாமே செக்-இன் பெட்டிக்குத்தான்.

செராங்கூன்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏமாறுவது பெரும்பாலும் தண்ணீர் பாட்டிலால்தான். சென்னையில் குடியேற்றம் முடிந்ததும் ஒரே இடத்தில் சோதனை, பிறகு கேட் வரை தடையில்லை. சாங்கியின் 1, 2, 3 முனையங்களில் சோதனை கேட் வாசலில் நடக்கிறது. குடியேற்றம் தாண்டிய பிறகு கடையில் வாங்கிய பாட்டிலும் கேட்டில் நிற்கும். "உள்ளே வாங்கியதுதானே" என்ற வாதம் எடுபடாது, ஏனென்றால் சோதனையே இனிமேல்தான். 4ஆம் முனையம் மட்டும் நம் ஊர் மாதிரி, முன்னாலேயே எல்லாருக்கும் ஒரே இடம்.

காலி பாட்டிலோடு கேட்டுக்குள் போய், அங்கே இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். திருச்சியிலிருந்து வந்து சிட்னிக்கோ மெல்பர்னுக்கோ மாறுகிறவர்களுக்கும் இதே கேட் சோதனை உண்டு. விமானத்தில் கொடுத்த தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

டியூட்டி ஃப்ரீ பாட்டில்: சிவப்பு விளிம்பு போட்ட, முத்திரை வைத்த பை கேட்டு வாங்குங்கள். ரசீது அதற்குள்ளேயே வெளியில் தெரியும்படி இருக்க வேண்டும். கடைசி ஊர் வரும்வரை பிரிக்கக் கூடாது. ஆசைக்குத் திறந்து பார்த்தால் அடுத்த சோதனையில் அது வெறும் 750 மில்லி திரவம்.

ஈஸ்ட் ஹாம்

100 மில்லி விதியின் கதை தெரிந்தால் இந்தக் குழப்பம் கொஞ்சம் புரியும். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து அமெரிக்கா போகும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி பிடிபட்டது. அதே ஆண்டு இறுதிக்குள் ஒரு லிட்டர் பை, 100 மில்லி புட்டி என்ற விதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வந்துவிட்டது. பிறகு வந்த சிடி ஸ்கேனர் பையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து முப்பரிமாணமாகக் காட்டும், திரவத்தின் அடர்த்தியையும் கணக்கிடும். அதை நம்பி 2023இல் பிரிட்டனின் டீசைடு, லண்டன் சிட்டி விமான நிலையங்கள் 2 லிட்டர் வரை விட்டன. 2024 ஜூனில் பிரிட்டிஷ் அரசு திரும்ப 100 மில்லிக்கே இழுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அப்படியே செய்தது. 2025 ஜூலையில் எடின்பரோவும் பர்மிங்காமும் மறுபடி 2 லிட்டருக்குப் போயின.

ஆக, "போன தடவை விட்டார்களே" என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் இந்தத் தடவைக்கு அது சாட்சி ஆகாது. அதைவிட முக்கியம், நீங்கள் புறப்படும் ஊர் 2 லிட்டர் விட்டாலும் துபாயில் மாறும்போது இன்னொரு சோதனை இருக்கிறது, அங்கே அங்குள்ள விதிதான். வழியில் உள்ள நிலையங்களிலேயே கண்டிப்பானது எதுவோ அதற்குப் பொருந்துமாறு அடுக்குவதுதான் பாதுகாப்பு.

எவர்சில்வர் ஃபிளாஸ்க் கொண்டுபோனால் காலி செய்து மூடியைக் கழற்றி டிரேயில் வையுங்கள். இரட்டை உலோகச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று படத்தில் சரியாகத் தெரியாது.

பொன்மலை

100 மில்லி என்பது புட்டியின் கொள்ளளவு. 200 மில்லி புட்டியில் அடியில் கொஞ்சம் ஷாம்பு இருந்தாலும் போகாது. இதில் நம் ஊர்ப் பற்பசைதான் பாடாய்ப் படுகிறது. அதில் எடை கிராமில் அச்சாகியிருக்கும். பற்பசை தண்ணீரைவிட அடர்த்தி அதிகம், ஏறக்குறைய 1.3. கணக்குப்படி 130 கிராம் ட்யூப் 100 மில்லிக்குள் அடங்கும். ஆனால் வரிசையில் நிற்பவர் படிப்பது எண்ணை மட்டும். 100 கிராமுக்கு மேல் அச்சிட்டதைக் கொண்டுபோக வேண்டாம். ஒரு லிட்டர் பை என்பது சுமார் 20க்கு 20 செ.மீ. பத்து புட்டி அடங்கும் என்று காகிதத்தில் கணக்கு வரும். பையை மூட முடிகிற அளவுக்கு ஆறேழுதான் வைக்க முடியும்.

வைகைக்கரை

பவர்பேங்க் பற்றி விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் விதி தெரிந்தவர்களும் இதில் இழக்கிறார்கள்.

செக்-இன் பெட்டியில் எங்குமே கூடாது, கையில்தான். அளவுகோல் எம்ஏஹெச் (mAh) இல்லை, வாட்-ஹவர் (Wh), அதாவது மின்கலம் சேமிக்கும் ஆற்றலின் அளவு. 100 வாட்-ஹவர் வரை பிரச்சினையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதிகபட்சம் இரண்டு. அதற்கு மேல் கிடையாது. கணக்கு: எம்ஏஹெச்சை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும். 10,000 என்றால் 37. 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9. 30,000 என்றால் 111, அது அனுமதி கேட்க வேண்டிய ரகம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அலுவலர் உங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட மாட்டார். பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைத் தேடுவார். ஓராண்டு சட்டைப்பையில் கிடந்தால் அந்தச் சின்ன எழுத்து தேய்ந்துவிடும். எழுத்து இல்லையென்றால் அளவு நிரூபிக்கப்படவில்லை, எடுத்துவிடுவார்கள். புதிதாக வாங்கிய அன்றே அந்த எழுத்தின் மேல் ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். வாங்கும்போதே வாட்-ஹவர் அச்சிட்டதைத் தேர்ந்தெடுங்கள். சிலவற்றில் 5 வோல்ட் கணக்கில் ஒரு குறைந்த எண்ணும் இருக்கும். இரண்டு எண்ணையும் பார்த்துக் குழம்புகிறவர்கள் உண்டு. விதிக்கு மின்கலத்தின் வாட்-ஹவரே கணக்கு.

2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்த பிறகு ஆசியா முழுக்கக் கெடுபிடி கூடியது. மார்ச் 1 முதல் கொரிய விமானங்களில் பவர்பேங்கைத் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்கக் கூடாது. ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை விதித்தது. அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸில் ஒருவருக்கு ஒன்று மட்டும், அதையும் உள்ளே பயன்படுத்தக் கூடாது. சீனாவில் ஜூன் 28 முதல் உள்நாட்டு விமானங்களில் 3சி (சீனாவின் கட்டாயத் தரச்சான்று) முத்திரை இல்லாத பவர்பேங்க் போகாது. சென்னையிலிருந்து குவாங்சோ வரை தடையின்றிப் போனது, அங்கிருந்து உள்நாட்டு விமானம் மாறும்போது நிற்பது இதனால்தான்.

மெல்பர்ன்வாசி

பொடிகளுக்கு வருவோம். 2018 ஜூன் 30 முதல் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் 350 மில்லி கணக்கு வைத்திருக்கின்றன, ஒரு சோடா கேன் அளவு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு போகும்போது அந்த வரம்பு கனிமப் பொடிகளுக்கு: உப்பு, மணல், சில டால்கம் பவுடர் போன்றவை. சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி, மஞ்சள்தூள் எல்லாம் கரிமப் பொடி, சோதனை வாசலில் அவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. விபூதி சாம்பல், ஆகவே கனிமம். பெரிய பாக்கெட் விபூதியும் உப்பும் பெட்டிக்குப் போகட்டும்.

அமெரிக்கா போகும் விமானத்தில் அப்படிப் பிரிப்பதில்லை. 350 மில்லிக்கு மேல் எந்தப் பொடியானாலும் கூடுதல் சோதனை, தீர்மானிக்க முடியாவிட்டால் ஏற்ற மாட்டார்கள். அரைக் கிலோ சாம்பார்ப்பொடி அந்த அளவைத் தாண்டும். வீட்டில் அரைத்து லேபிள் இல்லாமல் கட்டியது இன்னும் தாமதமாகும். கூரியர் கவர் மாதிரி பல சுற்று ஒட்டாமல், திறந்து மூடும் ஜிப் உறையில் பெயர் எழுதி வையுங்கள்.

வெடிபொருள் துகளைத் தேடத் துணியால் துடைத்து இயந்திரத்தில் வைக்கும் சோதனை பற்றியும் ஒரு வார்த்தை. கிளிசரின் கலந்த கைக்கிரீம், உரம், பட்டாசு மருந்து ஆகியவற்றின் துகள் அதில் ஒலி எழுப்பக்கூடும். தீபாவளிக்கு மறுநாள் பறக்கிறவர்கள் பட்டாசு வெடித்த கையோடு பையைத் தொடாமல் இருப்பது நல்லது. வயலில் பயன்படுத்திய பையைக் கைப்பையாக எடுத்துப் போகவே வேண்டாம்.

ஐயனார்புரம்

தேங்காயை யாரும் சொல்லவில்லையே. முழுத் தேங்காய் கைப்பையில் இந்தியாவில் அனுமதி இல்லை. ஆனால் சபரிமலைக் காலத்தில் இருமுடியில் உள்ள நெய்த்தேங்காயை விடுகிறார்கள். 2022இலும் 2024இலும் அப்படித் தனி அறிவிப்பு வந்தது, இரண்டுமே அடுத்த ஜனவரி 20 வரை. எக்ஸ்-ரே, வெடிபொருள் துகள் சோதனை, கையால் பார்ப்பது என மூன்றும் உண்டு. மாலை போட்டவர் போகும் வரிசையில் தேங்காய் போகிறது, பின்னால் நிற்கும் குடும்பத்தின் தேங்காய் நிற்கிறது என்று வருத்தப்படுகிறார்கள். விலக்கு இருமுடிக்கு மட்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. சீசன் தொடங்கும்போது அந்த ஆண்டு அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்த்துப் புறப்படுங்கள்.

கொப்பரை வேறு விஷயம். எண்ணெய்ச் சத்து மிகுதி, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று ஐநா பட்டியலில் 1363 எண்ணில் அபாயப் பொருளாக இருக்கிறது. அது செக்-இன் பெட்டியிலும் கூடாது.

அண்ணாநகர்

கைக்குழந்தை உள்ளவர்கள் கவனிக்க. பால், கஞ்சி, மருந்து ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 100 மில்லி விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் உறைய வைத்த தாய்ப்பாலை அமெரிக்காவில் கைப்பையில் விடுவார்கள், பிரிட்டனில் விடமாட்டார்கள், அங்கே உறையாத பால்தான். கறந்து சேமித்ததைத் தொட்டியில் போடச் சொன்னால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்! அந்த வழியாகத் திரும்பும்போது குளிரில் மட்டும் வைத்து, உருகிய நிலையில் கொண்டுபோங்கள். பயணம் நீளமென்றால் உறைந்ததைப் பெட்டியில் போடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் மருத்துவர் சீட்டை மருந்தோடு ஒரே உறையில் வையுங்கள். உடம்பில் பம்ப் மாட்டியிருந்தால் அதைக் கழற்றி ஸ்கேனருக்குள் அனுப்பாமல் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். பல தயாரிப்பாளர்களின் அறிவுறுத்தலே அதுதான்.

தாமிரபரணி

மிருதங்கக்காரர்களுக்கு: சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும் கைப்பையில் இருந்தால், தாக்கப் பயன்படும் பொருள் என்று சொல்லிவிடலாம். வாத்தியம் கையில் போனாலும் கல் பெட்டியில் போகட்டும்.

கத்தரிக்கோல் வைத்திருப்பவர்கள்: அமெரிக்காவில் திருகாணியிலிருந்து அலகு 4 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் விடுவார்கள், ஐரோப்பாவில் 6 செ.மீ. வரைதான். போகும்போது விட்டது திரும்பும்போது நிற்க இந்த 4 செ.மீ. வித்தியாசமே போதும்.

பொன்மலை

சென்னையில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது? பொருள் தடையானது, ஆனால் விலை உள்ளது என்றால், "செக்-இன்னில் போட்டு வர அனுமதி வேண்டும்" என்று பணியில் உள்ள மேலதிகாரியிடம் கேளுங்கள். விமான நிறுவன ஊழியர் ஒருவர் கூட வர வேண்டியிருக்கும். கவுண்டர் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பு மூடிவிடும். ஆகவே இதற்கு நேரம் இருக்க வேண்டுமானால் சோதனை வரிசைக்கு 90 நிமிடம் முன்பே வந்திருக்க வேண்டும். மடித்தால் கையளவு வரும் ஜிப் வைத்த துணிப்பை ஒன்று எப்போதும் கைப்பையின் மேல் உறையில் இருக்கட்டும். தனியாகப் பொருளைக் கவுண்டரில் நீட்டினால் வாங்க மாட்டார்கள், பையில் போட்டால்தான் டேக் போடுவார்கள்.