புதுப்பிப்பு: வடக்கிலிருந்து தெற்காக வருகிறோம்

களியக்காவிளையிலிருந்து மங்களூரு வரை கடலோரமாகச் சைக்கிளில் போய் ரயிலில் திரும்பலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். திசையை மாற்றிவிட்டோம்: முதலில் ரயிலில் மங்களூரு போய், அங்கிருந்து சைக்கிளில் தெற்கே வருகிறோம். ஜனவரியில் கேரளக் கரையில் மதியத்துக்கு மேல் பெரும்பாலும் வடமேற்கிலிருந்துதான் காற்று அடிக்கும். தெற்கே வந்தால் அது முதுகைத் தள்ளும். சரி, சைக்கிள்? நாகர்கோவிலில் ரயில் பார்சலில் போடுகிறோம். மங்களூரு சென்ட்ரலோடு ரயில் முடிவதால் நிதானமாக இறக்கலாம். இரண்டு நிமிடம் நிற்கும் நிலையங்களில் அது நடக்காது. நேற்று அண்ணன் பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, அட்டையில் பெயரும் ஊரும் எழுதிக் கம்பியால் கட்டிப் பார்த்தார். வழியில், வைப்பின் தீவிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஜங்காரில் (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு) சைக்கிளோடு ஏறிக்கொள்ளலாம். அப்புறம், கடைசி நாளில் ரயிலைப் பிடிக்கும் அவசரமே இல்லை, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. பூவாறு தாண்டினால் வீடு.