64 கட்டம் 65 ஆகும் புதிர்: 13×13-இல் துண்டுகள் ஏன் அடங்கவில்லை?

கேள்வி
எட்டாம் வகுப்புக் கணித மன்றத்துக்கு, 8×8 சதுரத்தை இரண்டு முக்கோணம், இரண்டு சரிவகம் என நான்காக வெட்டி 5×13 செவ்வகமாக அடுக்கும் புதிரை அட்டையில் செய்கிறேன். கட்டம் 1 செ.மீ. மூலைவிட்டத்தில் இடைவெளி கண்ணில் பட்டுவிடுகிறது. பெரிய எண்ணாக 13×13 எடுத்தேன்; துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, 8×21-க்குள் அடங்கவில்லை. வெட்டியதில் தவறா?

பதில் 1
வெட்டு சரிதான். 13×13 = 169, 8×21 = 168. ஒரு கட்டம் அதிகம் இருக்கும்போது அட்டை ஏறத்தான் செய்யும். முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்த எண் வரும் ஃபிபனாச்சி வரிசையில் (3, 5, 8, 13, 21, 34) ஓர் எண்ணின் வர்க்கமும் அதன் இருபுற எண்களின் பெருக்கலும் எப்போதும் 1 வித்தியாசப்படும். ஒருமுறை கூடும், அடுத்தமுறை குறையும். 8-இல் இடைவெளி, 13-இல் மேற்படிதல், 21-இல் மறுபடி இடைவெளி.

ஆகவே 21×21 எடுங்கள். 441 கட்டம், 13×34 = 442 ஆகத் தெரியும். கட்டம் 5 மி.மீ. போதும்: சதுரம் 10.5 செ.மீ., செவ்வகம் 17 செ.மீ. நீளம். 21×8 பட்டையை மூலைவிட்டத்தில் வெட்டினால் இரண்டு முக்கோணங்கள். மீதி 21×13-இல் மேல்விளிம்பில் இடமிருந்து 8, கீழ்விளிம்பில் இடமிருந்து 13 குறித்து இணைத்து வெட்டினால் இரண்டு சரிவகங்கள். இரண்டு குறியையும் ஒரே எண்ணில் வைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அப்போது வெட்டு நேர்க்குத்தாகிவிடும்.

இடைவெளியின் அதிகபட்ச அகலம் 0.22 மி.மீ. உங்கள் 8×8-இல் அது 1.17 மி.மீ., அதனால்தான் பளிச்சென்று தெரிந்தது. கத்தரி வேண்டாம், ஓரம் வளையும். இரும்பு ஸ்கேலும் பேப்பர் கட்டரும் வைத்து வெட்டுங்கள்.

பதில் 2
மறைப்பதோடு நிறுத்தாதீர்கள், 8×8-ஐயும் கையில் வையுங்கள். கட்டம் 3 செ.மீ., அடியில் கறுப்புத் தாள், 15×39 செ.மீ. சட்டம். துண்டுகளை மூலைகளுக்குத் தள்ளினால் நடுவே மெலிந்த கறுப்பு இணைகரம் எழும்பும். அதன் பரப்பு சரியாக ஒரு கட்டம்.

காரணத்தைக் கட்டம் எண்ணியே காட்டலாம். முக்கோணம் 8 கட்டத்துக்கு 3 ஏறுகிறது (0.375), சரிவகத்தின் சாய்ந்த பக்கம் 5-க்கு 2 (0.4). இரண்டும் ஒரே கோடாக முடியாது.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு: கட்டம் 2 செ.மீ. ஆன 16 செ.மீ. சதுரத்தில் 5, 3 கட்டத்துக்கான 10, 6 செ.மீ.க்குப் பதில் 9.89, 6.11 செ.மீ.யில் குறித்து வெட்டச் சொல்லுங்கள். அது பொன்விகிதம் (சுமார் 1.618 : 1). சாய்வுகள் ஒன்றாகி, செவ்வகம் இடைவெளியில்லாமல் மூடும், பரப்பும் மாறாது.

கேள்வி கேட்டவர்
21×21 மூடிவிட்டது, நன்றி. நான்கு துண்டுகளை இடம்மாற்றி அடுக்கினால் ஒரு கட்டம் ஓட்டை விழும் முக்கோணப் புதிரிலும் இதே காரணமா?

பதில் 1
அதே 3/8, 2/5 தான். 1953-இல் அமெரிக்க மந்திரவித்தைக்காரர் பால் கரி உருவாக்கியது. 13×5 முக்கோணம்போல் தோன்றும், ஆனால் அது நாற்கரம். 8×3 முக்கோணம் முதலில் வந்தால் கர்ணம் உள்வாங்கும், 5×2 முதலில் வந்தால் வெளியே புடைக்கும். உண்மையான முக்கோணம் 32.5, ஒரு வடிவம் 32, மற்றது 33. மற்ற இரு துண்டுகளுக்குப் பரப்பு 7, 8. முதல் அடுக்கில் அவற்றுக்குக் கிடைக்கும் இடம் 5×3 = 15, இரண்டாவதில் 8×2 = 16. அந்த மிச்சக் கட்டமே ஓட்டை.

கட்டம் 2 செ.மீ. வைத்து, கர்ணத்தின் இரு முனைக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். முக்கோணங்கள் சேரும் இடத்தில் நூல் 1.4 மி.மீ. விலகி நிற்பதை பிள்ளைகளே அளந்துவிடலாம்.