கரிக்குழாயா, நானோகுழாயா, குறட்குழலா?

கோவை:
குழும நண்பர்களுக்கு வணக்கம். தமிழ்வழிப் பொறியியல் பாடநூலில் ஓர் இயல் என் தலையில் விழுந்திருக்கிறது, திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஓரணு தடிமனுள்ள கார்பன் தாளைப் பாய் மாதிரி சுருட்டினால் வரும் குழாய், ஆங்கிலத்தில் ‘கார்பன் நானோடியூப்’ (carbon nanotube); விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. எந்தக் கோணத்தில் சுருட்டுகிறோமோ அதைப் பொறுத்து உலோகம் போல மின்சாரம் கடத்தும், இல்லாவிட்டால் குறைகடத்தியாகிவிடும். 1991இல் ஜப்பானிய இயற்பியலாளர் இஜிமா எழுதிய பிறகுதான் உலகமே இதன் பக்கம் திரும்பியது. இப்போது லித்தியம் பேட்டரி மின்வாய்களில் கலக்கிறார்கள். எல்லாம் எழுதிவிட்டேன், தமிழ்ப் பெயர்தான் உதைக்கிறது. ‘கரிம நுண்குழாய்’ சரியா?

மதுரை:
சரியில்லை ஐயா. கரிமம் என்றதும் பையன் கரிம வேதியியலுக்குப் போய்விடுவான். நுண்குழாய் என்றால் நீர் தானாக ஏறும் நுண்புழைக் குழாய் நினைவுக்கு வரும். நானோவுக்குக் கிரேக்கத்தில் குள்ளன் என்று பொருள். குள்ளனுக்கு நம்மிடம் ‘குறள்’ இருக்கிறதே! குறள் + குழல் = குறட்குழல். முன்னால் கரி சேர்த்தால் கரிக்குறட்குழல்.

சென்னை:
கரி என்றால் யானையும்தான். யானையின் குட்டைக் குழல், ஆக தும்பிக்கை! பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறவள் நான். பலகையில் குறட்குழல் என்று எழுதினால் எத்தனையாவது அதிகாரம் மேடம் என்பார்கள். அது கிடக்கட்டும், நீளமான விறைத்த குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) போலவே அழற்சி உண்டாக்கின என்பதை இயலில் சேர்த்தீர்களா?

யாழ்ப்பாணம்:
இங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே ‘காபன்’ தான். கார்பன் என்று நீங்கள் முடிவு கட்டினால் எங்கள் பிள்ளைகளுக்கு அது எழுத்துப்பிழை.

மதுரை:
அப்போ கரி என்பதில் என்ன தப்பு, இரண்டு கரைக்கும் பொது. இன்னொன்று. 2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளில் இந்தக் குழாய்களைக் கண்டதாக எழுதினார்கள். அந்த வாள்களுக்கான எஃகு தென்னாட்டிலிருந்து போனது என்பார்கள், அந்த எஃகின் ‘வூட்ஸ்’ என்ற பெயரே கன்னட உக்கு, நம் உருக்கு...

சென்னை:
ஐயா, திங்கட்கிழமை!

கோவை:
சேர்த்தாயிற்று அம்மா, கல்நார் கடைசிப் பத்தியில் இருக்கிறது. தனிமடல்களையும் எண்ணினால் நான்கு பேர் ‘கார்பன் நானோகுழாய்’, ஒருவர் ‘காபன்’, ஒருவர் குறட்குழல். முதலாவதை அனுப்புகிறேன், அடிக்குறிப்பில் காபனும் உண்டு.

மதுரை:
அனுப்புங்கள். ஆனால் நானோவுக்குப் பின் ‘க்’ மிகவேண்டாமா? நானோக்குழாய்?