பிரேக் பிடிக்காத கதையும் கைவிட்டுப் போன காரும்

விழுப்புரத்தான்:
2023 மார்ச்சில் சென்னையிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்தோம். திண்டிவனம் தாண்டியதும் முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போனது. மறுபடி மிதித்தாலும் அதேதான். லாரியில் இடிக்காமல் இருக்க வலப்பக்கம் ஒடித்து மீடியனில் ஏற்றிவிட்டேன். மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது, எனக்கு நெற்றியில் மூன்று தையல். கார் வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது.

ஸ்டேஷனில் கேட்ட முதல் கேள்வி, "கண் அசந்துட்டீங்களா சார்?" பிரேக் பிடிக்கவில்லை என்றேன். "எல்லாரும் இதைத்தான் சார் சொல்றாங்க." இந்திய தண்டனைச் சட்டம் 279, 337 (அஜாக்கிரதையாக ஓட்டியது, அதனால் காயம் ஏற்படுத்தியது) போட்டு என் மேலேயே வழக்கு. இரண்டு நாள் கழித்து மோட்டார் வாகன ஆய்வாளர் வந்தார். அறிக்கையின் கடைசி வரியில் விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று எழுதிவிட்டார். முன்பக்கம் நசுங்கிக் கிடந்த காரில் பிரேக்கை எப்படிச் சோதித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு நான் செய்ததெல்லாம் தப்பு. அபராதம் கட்டினால் முடிந்துவிடும் என்று எல்லோரும் சொன்னதால் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்து பயனில்லாத அளவு சேதம் என்றார்கள். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன், காரைப் பழைய வண்டி வாங்குபவர் இழுத்துக்கொண்டு போனார். ஐந்து மாதம் கழித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினால், "வாகனத்தை ஆய்வுக்குக் கொண்டுவரவும்" என்று பதில் வருகிறது. அந்தக் கார் எந்த ஊரில் துண்டு துண்டாகப் போனதோ!

கொங்குநாட்டுக்காரி:
அண்ணா, காரை விடாமல் வைத்திருந்ததில் எங்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். நேருக்கு நேர் மரத்தில் மோதியும் ஏர்பேக் ஒன்றுகூட விரியவில்லை. வக்கீல் சித்தப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்ட முதல் விஷயமே கார் எங்கே நிற்கிறது என்பதுதான். "ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றக் கூடாது" என்று ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் கொடுக்கச் சொன்னார். நாள் வாடகை கேட்டார்கள். புலம்பிக்கொண்டேதான் கட்டினோம்.

கம்பெனி இன்ஜினியர்கள் வந்து லேப்டாப்பை மாட்டி ஏர்பேக் கம்ப்யூட்டரில் இருந்ததை எடுத்துப் போனார்கள். மோதிய கோணத்துக்கு விரியாதாம், வேகம் போதாதாம். அவர்கள் எடுத்ததை அவர்களே படித்துச் சொன்னால் எப்படி? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டு, தனி ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கார் விலை 10 லட்சத்துக்கு மேல், ஆனால் மனுக் கட்டணம் வெறும் 400 ரூபாய். மனுவோடு சேர்த்துக் கொடுத்தது, ஹூண்டாயின் கிரெட்டா காரைப் பற்றிய டெல்லி வழக்கின் தீர்ப்பு. 2017 விபத்து அது, ஏர்பேக் விரியவில்லை. ஹூண்டாய் சுப்ரீம் கோர்ட் வரை போய் 2022 ஏப்ரலில் தோற்றது. வேகத்தையும் விசையையும் கணக்குப் போட வாங்குகிறவர் இயற்பியல் நிபுணரா என்று நீதிபதிகளே கேட்டார்கள். எங்கள் வழக்கு இன்னும் வாய்தாவில்தான் ஓடுகிறது.

குமாஸ்தா:
25 வருடமாக மோட்டார் வழக்குக் கட்டு தூக்குகிறேன். இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். காயத்துக்கான நஷ்டஈடு வேறு, கார் கோளாறுக்கான வழக்கு வேறு. விழுப்புரம் சார், உங்களிடம் இருந்தது பேக்கேஜ் பாலிசி (எல்லாம் சேர்ந்த முழு இன்சூரன்ஸ்) என்றால் உங்கள் மனைவி விபத்துத் தீர்ப்பாயத்தில் கேட்டிருக்கலாம். ஓட்டியவர் மேல் தப்பு என்றாலும் காரில் உட்கார்ந்து வந்தவருக்கு அது தடையில்லை. 2022 ஏப்ரலில் அதற்கு ஆறு மாதக் கெடு கொண்டுவந்தார்கள், நிறையப் பேர் அதில்தான் கோட்டை விட்டார்கள்.

கம்பெனி மேல் போவதற்கு 2019 நுகர்வோர் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, எச்சரிக்கை சரியாகக் கொடுக்காதது என்று இவற்றில் எது பொருந்துகிறதோ அதைச் சொல்லலாம். கெடு இரண்டு வருடம். ஆனால் காருக்கு முன்னால் புல் பார் என்ற இரும்புச் சட்டம் மாட்டியிருந்தாலோ வெளியில் வயரிங் மாற்றியிருந்தாலோ எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டதுதான் சார் வயிற்றெரிச்சல். அந்தக் காகிதத்தை வைத்தே அடிப்பார்கள். சரி, சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதித் தரும் ஜாப் கார்டுகள் இருக்கின்றனவா?

விழுப்புரத்தான்:
பீரோவைக் குடைந்து எடுத்தேன். 2023 ஜனவரி சர்வீஸ். வாடிக்கையாளர் குறை என்ற இடத்தில் என் கையெழுத்தில், "பிரேக் பெடல் லூஸ், பார்க்கவும்." அதன் கீழே அவர்கள் எழுதியது, "ஓகே." இரண்டு வருடம் எப்போதோ முடிந்துவிட்டதே, இனி இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

குமாஸ்தா:
தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. காட்டுவது கஷ்டம்தான். ஒரிஜினலை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.