பசுவின் வயிற்றில் பிளாஸ்டிக்: ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். எங்கள் ஜெர்சி கலப்புப் பசு இப்போது ஐந்து மாதச் சினை. அதற்கு அடிக்கடி வயிறு ஊதிக்கொள்கிறது. இடது பக்கம் இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளம் மேடாகி, தட்டினால் டம்மென்று சத்தம் கேட்கிறது. டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுக் காற்றை எடுத்தால் அன்று தேவலை, அப்புறம் மறுபடி அதே கதை. அசை போடுவது குறைந்துவிட்டது, சாணியும் கொஞ்சம்தான். காய்ச்சல் இல்லை.

நுரை உப்புசம் என்றால் குழாய் விட்டாலும் காற்று சரியாக வராது, எண்ணெய் கொடுத்து நுரையை உடைக்க வேண்டும். இவளுக்குக் காற்று தாராளமாக வருகிறது. குழாய் தடையில்லாமல் இறங்குவதால் தொண்டையில் மாங்கொட்டை மாதிரி எதுவும் சிக்கவில்லை. அதனால் முதல் இரைப்பையில் பிளாஸ்டிக் பை சுருண்டு கிடக்கலாம் என்கிறார் டாக்டர். அதைக் கரைக்க மருந்து கிடையாது, இடது விலாப்பக்கம் திறந்துதான் எடுக்க வேண்டும். மாட்டை நிற்கவைத்தே, அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வார்களாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறோம்.

சினை மாட்டுக்கு யாராவது செய்திருக்கிறீர்களா, கன்று தங்கியதா? எத்தனை நாளில் தீனி எடுத்தது? வண்டியில் போகும்போது ஊதினால் என்ன செய்தீர்கள்? உள்ளே கம்பி, ஆணி இருந்தால் முன்கூட்டியே தெரியுமா? இரண்டாம் இரைப்பையில் தங்கும் கம்பி இதயம்வரை குத்திவிடும் என்பதுதான் பெரிய பயம்.

பெருங்காயம், சோடா உப்பு யோசனைகளும் ‘விற்றுவிடுங்கள்’ என்ற யோசனையும் தயவுசெய்து வேண்டாம்.